தண்ணீர் இல்லாத பக்கமாக ஒரு வீடு

1

போன மாதம் செஞ்சியிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். நான் படித்த கல்லூரிதான், எனக்கு நான்கு வருடம் பின்னால். மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறதாம். மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையுமாக வருகிறானாம். "அண்ணா, ஃபேமிலியோட இருக்க சேஃபான ஏரியா எதுன்னு சொல்லுங்கண்ணா. நீங்க போயி ஒரு வருஷம் ஆவுதே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று கேட்டிருந்தான்.

அன்றைக்கே பதில் அனுப்பினேன். முதலில் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடு, அப்புறம் அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீடு பார். ரயில் நிலையத்துக்கு நடந்து போக முடிய வேண்டும். சனிக்கிழமை வீடு பார்த்தால் போதாது, ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி விடும் நேரத்தில் அதே தெருவில் நடந்து பார். பிள்ளைகள் தனியாக நடந்து வருகிறார்களா, வீட்டு முன்னால் சைக்கிள் பூட்டாமல் கிடக்கிறதா என்று கவனி. கிடந்தால் நல்ல தெரு. இப்படி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். "சூப்பர்ணா, ரொம்ப தேங்க்ஸ்" என்று கும்பிடு போட்டு அனுப்பினான்.

எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அப்படி வீடு தேடவில்லை. நான் தேடியது ஒன்றே ஒன்றுதான். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது. அதை முன்பின் பார்க்காத ஒரு தம்பிக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

2

நான் முதலில் தனியாகத்தான் வந்தேன். கம்பெனி ஏழு வாரத்துக்கு நகரத்தின் நடுவில் ஓர் அடுக்குமாடி அறை கொடுத்திருந்தது. அதற்குள் வாடகை வீடு பிடித்து, மனைவியையும் மகளையும் வரவழைக்க வேண்டும். மனைவி கவிதா, அவலூர்பேட்டைக்காரி. மகள் நிலா, எங்களுக்குப் பாப்பா. அப்போது அவளுக்கு ஆறு நடந்துகொண்டிருந்தது. இருவரும் என் அப்பாவோடு செஞ்சியில் இருந்தார்கள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மாடிக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் கவிதா தினமும் மொட்டை மாடியிலிருந்து பேசுவாள். பின்னால் துணிக்கொடியும் அதற்குப் பின்னால் ராஜகிரி மலையும் தெரியும்.

இங்கே வாடகை வீடு பார்ப்பது ரேஷன் கடை வரிசை மாதிரி. சனிக்கிழமை காலை பத்தேகால் என்றால் பத்தேகாலுக்குச் சாவிக்கொத்தோடு ஒரு பெண் வருவார். முப்பது பேர் உள்ளே போவார்கள். கால் மணி நேரத்தில் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிடுவார். முதல் வீட்டில் பழக்கதோஷத்தில் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுப் போனேன். வெளியே வரும்போது என் ஒரு ஜோடி மட்டும் அங்கே கிடந்தது. சாவிக்காரப் பெண் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.

விண்ணப்பம் அதைவிட மோசம். அடையாள ஆவணங்களுக்கு நூறு புள்ளி சேர்க்க வேண்டும். அதையும் சேர்த்துவிட்டேன். 'இதற்கு முன் குடியிருந்த வீடுகளின் உரிமையாளர்கள்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். கிராமத்தில் நைனா போட்ட கூரை வீடு, அரசு விடுதி, சென்னையில் நான்கு பேர் படுத்த அறை, இதில் யாரை எழுதுவது? நைனாவின் எண்ணையே கொடுத்தேன். உண்மையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள்.

"யாரோ பொம்பள இங்கிலீஷ்ல பேசுச்சிப்பா. எனக்கு இன்னா தெரியும்? நல்ல புள்ள, நல்ல புள்ளன்னு ரெண்டு வாட்டி சொல்டு வச்சிட்டேன்" என்றார் நைனா.

என்னைக் காரில் அழைத்துப் போனவர் என் அலுவலகத்து பாண்டி அண்ணன். மதுரைக்காரர், பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறார். அவர் காட்டிய முதல் வீட்டின் பின்பக்கம் நீச்சல் குளம் இருந்தது. மார்பளவு கண்ணாடி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு எல்லாம் சட்டப்படி இருந்தன. வேண்டாம் என்றேன். இரண்டாவது வீடு ஓர் ஏரிக்கு எதிரில். சாவிக்காரப் பெண் திரையை ஒதுக்கி, ஏரியைத் தானே வெட்டியது போலக் காட்டினார். நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. மூன்றாவது வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இரண்டு தெரு தள்ளி மழைத்தண்ணீர் வந்து தங்க ஒரு குட்டை வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் புல், நடுவில் தண்ணீர், வேலி கிடையாது. அதுவும் வேண்டாம் என்றேன்.

"ஏப்பா, வீட்டுக்குள்ள கொழாயில தண்ணி வருதே, அதுவாச்சும் இருக்கலாமா?" என்றார் பாண்டி அண்ணன்.

"கொசு வரும்ணே."

"கொசுவுக்குப் பயந்தா வீட்ட வேணாங்குற? ஊரே கடலோரத்துலதான்யா இருக்கு. நீ ராஜஸ்தானுக்கு வேலைக்குப் போயிருக்கணும்."

கவிதாவிடம் வேறு காரணங்கள் சொன்னேன். முதல் வீட்டுக்குத் திருட்டு பயம். இரண்டாவது வீட்டுக்குத் தெரு சரியில்லை. மூன்றாவதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

"இதுக்கும் தெரு சரியில்லன்றீங்க. நீங்க அனுப்பன போட்டோல அந்தத் தெரு சாமி ஊர்வலம் போறா மாதிரி சுத்தமா இருக்குது. இன்னா சரியில்ல அதுல?" என்று கேட்டாள். பிறகு, "இதோ பாருங்க. அடுத்த ஊட்டையும் வேணாம்னு சொன்னா காரணத்த நேரா சொல்டணும். சொல்லலன்னா நானும் பாப்பாவும் பிளேன் ஏறமாட்டோம்" என்றாள்.

அவள் விளையாட்டுக்கு அப்படிச் சொல்கிறவள் இல்லை. அறைக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருந்தது.

3

எனக்குப் பதினொரு வயது. வல்லத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். நைனா கைநாட்டு. அம்மாவுக்கு பஸ்ஸின் நிறத்தை வைத்துத்தான் ஊர் தெரியும்.

மல்லாட்டை பிடுங்கும் காலம். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், நிலத்தைக் கொல்லை என்போம். நைனாவும் அம்மாவும் ஒருவருடைய கொல்லையில் காய் ஆயப் போயிருந்தார்கள். நானும் தங்கையும் மோட்டார் கொட்டகை நிழலில் இருந்தோம். மறுநாள் எனக்கு அறிவியல் தேர்வு. தங்கையைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

கொட்டகையிலிருந்து பத்தடியில் கிணறு. சுற்றுச்சுவர் இல்லை. எங்கள் பக்கத்து வயல் கிணறுகள் பலவற்றுக்குச் சுவர் கிடையாது. தரையில் நடந்துகொண்டே போனால் ஓர் இடத்தில் தரை முடிந்துவிடும், அவ்வளவுதான். நாங்கள் அதைப் பார்த்தே வளர்ந்ததால் யாருக்கும் அது ஆபத்தாகத் தோன்றியதில்லை.

"அண்ணா, வா வெளாடலாம்" என்றாள்.

"இந்த ஒரு பாடம் முடிச்சிட்டு வரேன். அங்கயே இரு."

"எவ்ளோ நேரம்?"

"இதோ."

ஆணிவேர், சல்லிவேர். நான் சத்தம் போட்டுத்தான் படிப்பேன். வாத்தியார் அப்படித்தான் படிக்கச் சொல்லியிருந்தார். அதனால் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. பாடத்தை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அதற்கு மேல் எழுத வரவில்லை. அந்த நாளில் நைனா காவல் நிலையத்துக்குப் போய் ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அந்தப் படி ஏறியதில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. வந்தவர்களிடமெல்லாம் நைனா ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "புள்ள படிச்சிகினு இருந்தான்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவைப் பெற்றவர்கள் அனந்தபுரத்திலிருந்து வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னார். கிணற்றுக்கு யாரும் கட்டாத சுவரை நைனா என்னைச் சுற்றிக் கட்டினார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்து "நல்லாப் படிச்சவர்" என்று சொன்னால் அந்த வாக்கியம்தான் காதில் விழுகிறது.

மூன்று நாள் மோட்டார் ஓட்டிக் கிணற்றை இறைத்தார்கள். எங்கள் ஊரில் அப்படி நடந்தால் இறைத்துவிட்டுத்தான் மறுபடி புழங்குவார்கள். இறைத்த தண்ணீர் எந்தக் கொல்லைக்குப் போனது என்று எனக்குத் தெரியும். அந்தக் கொல்லைக் காயை நான் தின்றதில்லை.

மறுநாள் தேர்வை எழுதவில்லை. முழு ஆண்டுத் தேர்வில் அறிவியலில் நான்தான் முதல். "இனிமே உனக்கு வேற வேல கெடையாது. படிக்கறது மட்டுந்தான்" என்று நைனா சொல்லியிருந்தார்.

4

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரி சேரும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கப் போனோம். குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் தாள் அது. கிராம நிர்வாக அலுவலர் குனிந்தபடியே கேட்டார்.

"உனக்கு எத்தன புள்ளைங்க?"

"ஒரே புள்ள சார்" என்றார் நைனா.

அவர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். செத்துப்போன குழந்தையைச் சொன்னாலும் சான்றிதழ் கிடைத்திருக்கும், ஒரு தடையும் இல்லை. ஆனாலும் நைனா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பெட்டிக்கடையில் ஆளுக்கொரு சோடா குடித்தோம். அது முடியும்வரை நான் தரையைப் பார்த்தேன், நைனா ரோட்டைப் பார்த்தார்.

அதற்கப்புறம் எல்லாத் தாளிலும் நான் ஒரே பிள்ளை. வெளிநாடு வருவதற்கான படிவத்தில் மட்டும் 'உடன்பிறந்தோர், இறந்தவர்கள் உட்பட' என்று ஒரு கட்டம் இருந்தது. ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வியை எங்கேயோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ யோசித்துக் கேட்டிருந்தார். பக்கத்தில் கவிதா பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்று எழுதினேன்.

கவிதாவுக்கு நான் சொல்லவே இல்லை. அதற்கு எங்கள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைப்பார்கள். குடும்பத்தில் கன்னியாகச் செத்துப்போனவளை, அவள் சின்னக் குழந்தையாக இருந்தாலும், கிணற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ பம்பை அடித்து, பேர் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரில் வீட்டுக்கு அழைத்து வருவது. புதுத் துணியும் வளையலும் பூவும் வைத்துப் படைப்பார்கள். யாராவது ஒருவருக்கு அருள் வந்து, 'வந்துட்டேன்' என்று அவள் வாயாகச் சொன்னால்தான் கல்யாண வேலை தொடங்கும். கூப்பிடாவிட்டால் வாசலுக்கு வெளியே நின்று கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

என் கல்யாணத்துக்கு அம்மா அதைத்தான் கேட்டாள்.

"எங்கருந்து கூப்புடுவ? கெணறு எங்க இருக்குது?" என்றார் நைனா. உண்மைதான். அந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். கிணற்றில் கல்லும் மண்ணும் கொட்டி மூடி, மேலே ரோடு போட்டிருந்தார்கள்.

"ஒரு பாவாட சட்டையாவது எடுத்து வைக்கிறேனே" என்றாள் அம்மா.

"வச்சா பொண்ணு ஊட்டுக்காரங்க யாருக்குன்னு கேப்பாங்க. கெணத்துல உழுந்து செத்த புள்ள இருக்கற ஊடுன்னு தெரிஞ்சா இன்னா ஆவும்?"

அம்மா அதற்கப்புறம் கேட்கவில்லை. தாலி கட்டும்போது எல்லோரும் மணமேடையைப் பார்க்க, அவள் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

5

ஐந்தாவது வாரம் ஒரு புறநகரைக் கண்டுபிடித்தேன். மேட்டுப் பாங்கான இடம். வரைபடத்தில் ஏரி, குட்டை, ஓடை எதுவும் இல்லை. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் இங்கத்திய வீடுகளின் பின்பக்கம் நீலச் சதுரங்களாகத் தெரியும், எல்லாம் நீச்சல் குளங்கள். நான் பார்த்த வீட்டைச் சுற்றி அது ஒன்றுகூட இல்லை. பள்ளியும் பக்கத்தில்.

ஆனால் அந்தப் படம் எப்போது எடுத்ததோ? அதற்கப்புறம் யாராவது வெட்டியிருந்தால்? பாப்பா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போவாள். அந்த வீட்டில் இருந்தால்?

கோடைக்காலம், வேலை முடிந்து போனாலும் நல்ல வெளிச்சம் இருக்கும். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். ஒவ்வொரு வீட்டு வேலிக்கும் பக்கத்தில் போய், குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்து, வீட்டு எண்ணுக்கு நேராக 'இல்லை', 'இல்லை' என்று எழுதினேன். ஊரில் வீடு பார்க்கிறவன் நான்கு பேர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பான், "யாருப்பா அது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும், அப்படியே பேச்சு தொடங்கும். இங்கே யாரும் குரல் கொடுக்கவில்லை. அதனால் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மட்டும் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். "ஜஸ்ட் லுக்கிங்" என்றேன். துணிக்கடையில் சொல்லிப் பழகிய பதில் அது. அவர் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பாண்டி அண்ணன் தன் போனை என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏப்பா, இது நீதானே?"

அந்த ஏரியாக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஃபேஸ்புக் பக்கம். என் முதுகு, என் ஆபீஸ் பை, எக்கி நிற்கும் என் கால். கீழே எழுதியிருந்ததன் அர்த்தம் இது: இந்த ஆள் மூன்று நாளாக நம் வேலிகளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் குறிப்பு எடுக்கிறான். பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

"நீ வீடு பாக்கப் போனியா, வேவு பாக்கப் போனியா?" என்று கேட்ட பாண்டி அண்ணன், என் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "நீயே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிரு. அவங்களாத் தேடி வந்தா நல்லா இருக்காது."

பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குழந்தைகளுக்குப் பயமில்லாத தெருவைத் தேடிப்போய், ஒரு தெருவுக்கே பயமாகிவிட்டேன். இன்னொன்றையும் நினைத்தேன். யார் எழுதினாரோ, அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். என்னை நம்பி விட்டுப்போன குழந்தை ஒன்றுதான்.

காவல் நிலையத்தில் நடு வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். நோட்டை அவர் முன்னால் வைத்தேன். வீட்டு எண்களையும் எதிரே என் தமிழ் எழுத்துகளையும் புரட்டிப் பார்த்தார். விசா படிவத்தில் எழுதிய பொய் இப்போது வெளியே வரும், திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

என்ன தேடினீர்கள் என்று கேட்டார்.

தண்ணீர் என்றேன்.

அவர் காத்திருந்தார். எனக்கு ஒரு தங்கை இருந்தாள், கிணற்றில் விழுந்துவிட்டாள், நான் படித்துக்கொண்டிருந்தேன் என்று ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொன்னேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. தமிழில் அந்தச் சொற்களை நைனா சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டிருந்தார். ஆங்கிலத்தில் அவற்றை யாரும் தொட்டிருக்கவில்லை, அதனால் வந்துவிட்டன.

அவர் ஏதோ எழுதினார். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, "உங்கள் மனைவிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து என் படத்தை நீக்கிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. அந்தத் தெருவில் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி நடப்பது?

6

அன்று கவிதாவைக் கூப்பிட்டேன். மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா பக்கத்தில் காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊடும் இல்ல" என்றேன்.

"சரி. காரணம்?"

நான் போனை வேறு கைக்கு மாற்றினேன்.

"அங்க வேற யார்னா இருக்காங்களா?" என்று நிதானமாகக் கேட்டாள். பல நாள் மனதில் வைத்திருந்து கேட்ட கேள்வி என்று தெரிந்தது. "இருந்தா சொல்டுங்க. நான் பாட்டுக்கு இங்க வேலைக்குப் போயிகினு பாப்பாவப் பாத்துக்கறேன்."

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, கவிதா."

எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. 'படிச்சிகினு இருந்தேன்' என்ற இடத்தில் இரண்டு முறை நின்றுவிட்டேன். முடிந்ததும் அவள் கேட்டாள்.

"பேரு இன்னா?"

"அஞ்சலை."

"எத்தன வயசு?"

"ஆறு நடந்துது."

அவள் திரும்பிப் பாப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம கல்யாணத்துக்குப் பூவாடை கூப்டீங்களா?"

"இல்ல."

"அப்ப ஏழு வருஷமா அந்தப் புள்ள வாசல்லயேவா நிக்குது?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் யாரு? யாரோ ஊட்டுப் பொண்ணா? செத்த கொழந்தைய மறைக்க நீங்க ஒராளு, உங்க நைனா ஒராளு. கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"கெணத்த மூடிட்டாங்க..."

"கெணத்த மூடுனா தண்ணி இல்லாமப் போயிடுமா? எங்க பெரியம்மா பொண்ணு மெட்ராஸ் ஆஸ்பத்திரில செத்தா. அவலூர்பேட்ட ஏரிலதான் கூப்டோம். வந்துச்சி." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப நான் சொல்றத கேளுங்க. தண்ணி இருக்கற பக்கமாப் பாத்து ஊடு புடிங்க."

"இன்னா சொல்ற?"

"தண்ணியே இல்லாத எடத்துல போயி உக்காந்துகினா அவள எங்கருந்து கூப்புடறது?"

7

ஏரிக்கு எதிர் வீடு வேறு ஒருவருக்குப் போய்விட்டிருந்தது. அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ஒன்று கிடைத்தது. கவிதாவும் பாப்பாவும் வந்து இறங்கினார்கள். செஞ்சி பஜாரில் எடுத்த இரண்டு பாவாடை சட்டை கவிதாவின் பெட்டியில் இருந்தது. இரண்டும் ஒரே அளவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எவர்சில்வர் சொம்பு, மஞ்சள், வாடிப்போன கடை மல்லிகையோடு ஏரிக்கரைக்குப் போனோம். பம்பை இல்லை. நாயோடு நடந்து வந்த ஒருவர் அருமையான காலை என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்துகள் ஏதோ போடுவோம் என்று நினைத்து வந்தன.

"நீங்கதான் அள்ளணும். நான் அள்ளுனா அவளுக்கு யாருன்னு தெரியாது" என்றாள் கவிதா.

நான் ஒரு கையால் பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கவிதா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பாப்பாவின் கையில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. மண்டி போட்டுச் சொம்பை விட்டேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தம் போட்டுப் படிச்ச வாய்தானே? சத்தமாக் கூப்புடுங்க."

"அஞ்சலை! வாம்மா!" என்று மூன்று முறை கூப்பிட்டேன். வாத்துகள் விலகிப் போயின. யாருக்கும் அருள் வரவில்லை. ஒரு பூகூட அசையவில்லை.

"யாருப்பா அஞ்சலை?" என்று கேட்டாள் பாப்பா.

"உன் அத்தை."

"எங்க?" என்று தண்ணீரைப் பார்த்தாள்.

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பள்ளியிலிருந்தே பாப்பாவை நீச்சல் பழக அழைத்துப் போகிறார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சியில் உட்கார்ந்து, அத்தனை பிள்ளைகளின் தலையையும் எண்ணுகிறேன். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். பாப்பா இப்போது வீட்டிலும் ஆங்கிலம்தான் பேசுகிறாள், அத்தையை மட்டும் அத்தை என்கிறாள். தோழிகளிடம் தனக்குத் தன் வயதில் ஓர் அத்தை இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள் போல. அந்தப் பிள்ளைகள் வந்தால் வீட்டுக்குள் தேடுகிறார்கள். விசா அலுவலகத்துக்கும் எழுதிப்போட்டேன். தவறாக எழுதிவிட்டேன், ஒரு தங்கை உண்டு, இறந்துவிட்டாள் என்று. பதிவு செய்துகொண்டோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது. சொம்பை வீட்டில் வைத்து, பக்கத்தில் பாவாடை சட்டையையும் வளையலையும் வைத்துவிட்டு, கவிதா படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் நைனாவைக் கூப்பிட்டேன்.

"நைனா, தங்கச்சியக் கூப்டோம்."

ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது.

"பேரு சொல்லியா?" என்றார்.

"பேரு சொல்லித்தான்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"வந்தாளா?"

சொம்பைப் பார்த்தேன். அது சும்மா சொம்பாகத்தான் இருந்தது.

"வந்துட்டா நைனா" என்றேன்.

அவர் பேசியபோது அது நான் அதுவரை கேட்காத குரலாக இருந்தது.

"மொதல்ல சோறு வையிப்பா. அன்னிக்கிக் காத்தால ஒன்னுமே துன்னாம வந்துட்டா. உங்கம்மா எடுத்தாந்த கூழு அப்பிடியே தூக்குல இருந்துது."